பூஜ்ஜியம் காட்டிய பெட்டி

"பெட்டி பொய் சொல்லலைங்க," என்றாள் அந்தப் பெண். "பொய் சொல்லணும்னா கொஞ்சமாவது மூளை வேணும். நான் அதுக்கு மூளையே வைக்கலை."

வக்கீலம்மா அவளையே பார்த்தார். அவர் நீதிமன்றத்துக்குப் போவதை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகிறது. கறுப்புக் கோட்டைக் கழற்றியவர் கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கழற்றவில்லை. இப்போது சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் துப்பறியும் அலுவலகம். உதவிக்கு ஒரே ஆள், குருவி. எடை தொண்ணூற்றெட்டு கிலோ. யார் வைத்த பெயர் என்று கேட்டால், "பிறந்தப்ப ஒன்றரை கிலோதான் இருந்தேன். அப்புறம் பேரை மாத்த வீட்டுல யாருக்கும் நேரம் கிடைக்கலை," என்பான்.

வந்திருந்தவர்கள் இரண்டு பேர். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஸ்பிரிங் தயாரிக்கும் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவள். அங்கே எல்லோரும் அவளை 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் அவளுடைய தாய்மாமா. அதே தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும், இங்கே கூட்டிவந்தவரும் அவர்தான்.

"நான் சொல்றேங்க," என்று மாமா நாற்காலி நுனிக்கு வந்தார். "ஆறு நாளைக்கு முன்னால எங்க ஃபிட்டர் தீயில வெந்துட்டார். முகம், ரெண்டு கை. உயிர் இருக்கு. தப்பு இவ செஞ்ச பெட்டி மேலன்னு ஃபோர்மேன் அறிக்கை எழுதி வெச்சிருக்கார். இன்னிக்கு நாலு மணிக்கு முதலாளி கையெழுத்துப் போடுவார். போட்டுட்டா போலீசுக்குப் போயிடும். இவ வாழ்க்கை அவ்வளவுதான்."

வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால்.

"பெட்டி என்ன செய்யும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. எனக்குப் புரிஞ்சா இவனுக்கும் புரியும்."

"நேர்மாறா," என்றான் குருவி. "எனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்."

அவள் சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த காகிதத்தை இழுத்துக் கோடு போட ஆரம்பித்தாள்.

"ஸ்பிரிங்கைச் சூடு பண்ற மின்சார உலைங்க. ரெண்டு கேபிள் போகுது, மணிக்கட்டுத் தடிமன்ல. ஒண்ணுல கரண்ட் போகும், இன்னொண்ணுல திரும்பி வரும். நானூறு ஆம்பியர். அதை நேரா எந்த மீட்டரும் தாங்காது. அதனால ஒரு கேபிளைச் சுத்தி வளையம் மாட்டியிருக்கேன். வளையம் கேபிளைத் தொடாது. உள்ளே ஓடற கரண்டுல ஆயிரத்துல ஒரு பங்கை மட்டும் தன்னோட கம்பியில எடுத்துக் கொடுக்கும்."

"நானூறுக்கு அரை ஆம்பியர் கூட இல்லை."

"ஆமாங்க. அதை ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியா விட்டா துளி வோல்ட்டேஜ் கிடைக்கும். ஆனா ஏசி கரண்ட் ஒரு நிலையில நிக்காது. செகண்டுக்கு அம்பது தடவை முன்னும் பின்னும் போய்ட்டு வரும். ஒரே பக்கமா திருப்பினாத்தான் அளக்க முடியும். அதுக்கு டையோடுன்னு ஒரு பொருள். அது வாசல்ல நிக்கற ஆள் மாதிரி, அரை வோல்ட்டுக்குக் குறைவா வந்தா உள்ளேயே விடாது. இங்க வர்றதே அவ்வளவுதான். அதனால கூட ஆப்-ஆம்ப் போடுவோம். எட்டுக் கால் இருக்கும், நகத்தளவு சிப். வாசல்ல பிடுங்கிக்கிற அரை வோல்ட்டை அது தன் கையில இருந்து போட்டுடும். துளியைக் கூடத் தவறவிடாம திருப்பி, பெருசாக்கிக் கொடுக்கும். அதைத்தான் பெட்டி முகப்புல இருக்கற டிஸ்பிளே எண்ணாக் காட்டுது."

"எட்டுக் கால்ல நின்னும் லஞ்சம் கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கு," என்றான் குருவி.

"அந்த எண் எதுக்கு?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"ரெண்டு காரியத்துக்கு. நானூத்தம்பதைத் தாண்டினா சைரன் அடிச்சு உலையை நிறுத்திடும். இன்னொண்ணு, உலைக்குப் போற லைன்ல ஒரு பெரிய கைப்பிடி சுவிட்ச் இருக்கு. கரண்ட் ஓடும்போது அதை இறக்கவே கூடாது. இறக்கினா நெருப்பு பாயும். டிஸ்பிளேல பூஜ்ஜியம் வந்த பிறகுதான் இறக்கணும்னு போர்டே எழுதி மாட்டியிருக்கு." அவள் குரல் இறங்கியது. "அன்னிக்கு ரெண்டு முப்பத்தாறுக்கு ஃபிட்டர் கிரீஸ் போட வந்து இறக்கினார். உலை முழு வேகத்துல ஓடிட்டு இருந்திருக்கு. ஆனா டிஸ்பிளேல பூஜ்ஜியம்."

"யார் பார்த்தா?"

"பின்னாலேயே வந்த ஃபோர்மேன் பார்த்திருக்கார். மறுநாள் அவரே பெட்டியைச் சோதிச்சார். சரியாக் காட்டுச்சு. அதனால 'எப்பவாவது பொய் சொல்லும் பெட்டி'ன்னு அறிக்கையில எழுதிட்டார்."

"அவர் எழுதினதுல தப்பென்ன? செஞ்சவ நீ. நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்றதும் நீ."

பெண்ணின் முகம் சிவந்தது. அவள் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள்.

"பெட்டிக்குள்ள ஒரு கார்டு இருக்குங்க. நிமிஷத்துக்கு ஒரு எண் பதியும். பெட்டியைப் பூட்டி வைக்கறதுக்கு முன்னாடியே காப்பி எடுத்துட்டேன். அஞ்சுக்குக் கீழே இருந்தா வெளியே பூஜ்ஜியம்னு காட்டற மாதிரி வெச்சிருக்கேன். கார்டுல உள்ளது உள்ளபடி விழும். கரண்டே இல்லாட்டியும் ரெண்டுன்னு விழும். ஆப்-ஆம்ப்போட சுபாவம் அது. யாரும் பேசாதப்பவும் காதுல லேசா இரைச்சல் கேக்கும் இல்லையா, அப்படி."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலை எண்களின் மேல் ஓட்டினார். ஒன்று பதினேழுக்கு 446. ஒன்று பதினெட்டுக்கு 2. பிறகு இரண்டு, நான்கு, மூன்று, நான்கு, இரண்டு. இரண்டு முப்பத்தாறு வரை அப்படித்தான். அதற்கப்புறம் இரண்டு, இரண்டு, இரண்டு என்று பக்கம் முடியும்வரை ஒரே எண்.

விரல் நின்றது.

"விபத்துக்கப்புறம் லைன் செத்துப்போச்சு இல்லையா?"

"மெயின் விழுந்துடுச்சு. மூன்றரை வரைக்கும் கரண்டே இல்லை. பெட்டி பாட்டரியில ஓடினதால பதிஞ்சிருக்கு."

"அப்ப செத்த லைனுக்கு உன் பெட்டி ஆடாம அசையாம ரெண்டுன்னு சொல்லுது. அதுக்கு முன்னால ஒண்ணே கால் மணி நேரம் ரெண்டு, நாலு, மூணுன்னு தடுமாறியிருக்கு." தாளை மடித்தார். "பெட்டி தூங்கலை. அது காதை யாரோ பொத்தியிருக்காங்க."

மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப பெட்டி மேல தப்பில்லைன்னு எழுதிக் கொடுத்துடலாம் இல்லீங்களா? அது போதும்ங்க எங்களுக்கு."

"எப்படிப் பொத்தினாங்கன்னு தெரியாம எப்படி எழுதறது?"

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. லாரி, பார்சல், கயிறு, இதான் என் உலகம். கரண்டுன்னா சுவிட்சைப் போட்டா விளக்கு எரியும், அவ்வளவுதான்."

"நமக்கும் அதே படிப்புதான்," என்று குருவி எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

*

மின்பலகை அறை தொழிற்சாலையின் பின்கோடியில், சரக்கு ஏற்றும் இடத்துக்கும் உலைக் கூடத்துக்கும் நடுவில் இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும், பூட்டு இல்லை. உலை சத்தமே போடாதது. பக்கத்தில் கம்பி வெட்டும் இயந்திரம் போட்ட சத்தத்தில் சொந்தக் குரலே கேட்கவில்லை. சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்புத் தீற்று. அதன் நடுவில் கைப்பிடி சுவிட்ச், பாதி உருகிய நிலையில். உலை வேலை இப்போதைக்குத் தற்காலிக சுவிட்சில் ஓடியது.

ஃபோர்மேன் வாசலிலேயே நின்றார். உயரமான ஆள், மார்பில் கையைக் கட்டியிருந்தார்.

"வீட்டுச் சாப்பாட்டு மேஜையில செஞ்ச பெட்டியை இங்க மாட்டினப்பவே வேண்டாம்னேன். கேட்டாங்களா?" என்றார். "பத்து நிமிஷம் பாருங்க. நாலு மணிக்கு மீட்டிங்."

"அன்னிக்கு ஒரு மணியிலிருந்து ரெண்டரை வரைக்கும் நீங்க எங்கே இருந்தீங்க?"

"முதலாளி ரூம்ல. வெளியூர்ல இருந்து கஸ்டமர் வந்திருந்தார். ஏன், என்னையா சந்தேகப்படறீங்க?"

"எல்லாரையும்தான். உங்களுக்குத் தனி மரியாதை எதுவும் தரலை."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். வக்கீலம்மா குருவியைப் பார்த்தார். சொல்லாமலேயே அவன் முதலாளி அறைப் பக்கம் நகர்ந்தான்.

அடுத்து உலைக்காரர். ஒல்லியாக, கண்ணை நேரே பார்க்காமல் பேசினார். வலது கையில் புதுசாக ஒரு கட்டு.

"கையில என்ன?"

"அன்னிக்கு ஃபிட்டரைத் தூக்கினப்ப பட்டுதுங்க. அவர் சட்டை எரிஞ்சிட்டு இருந்துச்சு."

"ஒண்ணு பதினேழுக்கு உலையை அணைச்சீங்களா?"

"அணைக்கவே இல்லைங்க. காலையில இருந்து மூணு தடவை சைரன் அடிச்சு அதுவா நின்னுச்சு. பாதி சூட்டுல நின்னா அந்த லோடு வீண். ஃபோர்மேன் சூட்டைக் குறைக்கவும் விட மாட்டேன்னார். மத்தியானத்துக்கு மேல நல்ல வேளையா சைரன் அடிக்கலை." சொன்னபிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். "நல்ல வேளைன்னு நினைச்சேங்க."

"சைரன் ஏன் அடிக்கலைன்னு யோசிக்கலையா?"

"அடிச்சாத்தாங்க யோசிப்போம்."

விபத்து நடந்ததும் அறைக்குள் யார் யார் வந்தார்கள் என்று கேட்டார் வக்கீலம்மா. உலைக்காரர் விரல் விட்டு எண்ணினார். அவர், ஃபோர்மேன், சத்தம் கேட்டு ஓடிவந்த மாமா. "மீட்டரோட மாமா இல்லேன்னா ஃபிட்டர் பிழைச்சிருக்க மாட்டார். பார்சல் போர்வையால சுத்தி, சரக்கு லாரியிலயே ஏத்திட்டுப் போனார். அந்தப் பதட்டத்துலயும் ஃபிட்டரோட மூக்குக்கண்ணாடியை எடுக்கணும்னு மறுபடியும் உள்ளே ஓடினாருங்க. அப்படிப்பட்ட மனுஷன்."

அவர் போனதும் வக்கீலம்மா கைவிளக்கை அடித்துப் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தார். இரண்டு கேபிள்கள் அருகருகே இறங்கின. இடப்பக்கக் கேபிளில் வளையம் மாட்டியிருந்தது. கீல் வைத்த வளையம். கொக்கியைத் தள்ளினால் வளையல் போலத் திறந்து, மறுபடி மூடிக்கொள்ளும். கேபிள்களின் மேல் உலைப் புகையும் எண்ணெயும் கலந்து மாதக்கணக்கில் படிந்த தூசி.

வலப்பக்கக் கேபிளில், வளையம் இல்லாத அந்தக் கேபிளில், சரியாக இரண்டு விரல் அகலத்துக்குத் தூசி இல்லை.

"குருவி!"

அவன் மூச்சிரைக்க வந்தான். "ஃபோர்மேன் சொன்னது நிஜம். ஒண்ணுல இருந்து ரெண்டரை வரைக்கும் முதலாளி ரூமை விட்டு அசையலை. வந்த கஸ்டமரே போன்ல சொல்லிட்டார். கஸ்டமரைத் தூங்கக்கூட விடலையாம், அவ்வளவு பேச்சாம்."

"இதைப் பார்."

பார்த்தான். "வளையம் இங்கயும் உட்கார்ந்திருக்கு. இடம் மாத்திட்டாங்களா?"

"மாத்தினா அதே எண்தான் வரும். ரெண்டு கேபிளிலும் ஒரே கரண்ட்தான், ஒண்ணுல போறது இன்னொண்ணுல திரும்புதுன்னு அந்தப் பொண்ணே சொன்னா. அவங்க மாத்தலை, ரெண்டையும் சேர்த்து உள்ளே விட்டு மூடியிருக்காங்க." வக்கீலம்மா நிமிர்ந்தார். "ஒரு கதவுல பத்து பேர் உள்ளே போறாங்க, அதே நேரம் பத்து பேர் வெளியே வர்றாங்க. போறதுல வர்றதைக் கழிச்சு எண்ணற ஆள் என்ன எழுதுவான்?"

"பூஜ்ஜியம்."

"உள்ளே கூட்டம் நெரிஞ்சாலும் பூஜ்ஜியம். வளையம் அந்த மாதிரி ஆள். போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போச்சு. ரெண்டு கேபிளும் வளையத்துக்குள்ள ஒரே மாதிரி உட்காரலை, அதனால கொஞ்சம் சிந்தியிருக்கு. அதுதான் அந்த ரெண்டு, நாலு, மூணு."

குருவி மெல்ல விசில் அடித்தான். "கம்பியை வெட்டலை, திருகைக் கழற்றலை. வளையலைத் திறந்து மூடினாங்க, அவ்வளவுதான். விபத்துக்கப்புறம் பழையபடி மாட்டிட்டாங்க."

"ஆக அந்த ஆளுக்கு ரெண்டு தகுதி வேணும். ஒண்ணேகால் மணிக்கு இந்தப் பக்கம் வந்திருக்கணும். ரெண்டையும் சேர்த்தா வளையம் குருடாகும்னு தெரிஞ்சிருக்கணும். ஃபோர்மேனுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா இங்க இல்லை. உலைக்காரர் இங்க இருந்தார். தெரியுமா?"

"கேட்டா தெரியாதுன்னுதானே சொல்வார்?"

"அதனால வாயைக் கேட்கப் போறதில்லை. கையைக் கேட்கலாம். எங்கேயாவது ஒரு கெட்டில் கிடைக்குமா பார்."

*

கேன்டீனை ஒட்டிய சின்ன அறை. மூன்று இருபது. மேஜை மேல் தண்ணீர் கொதிக்கும் கெட்டில், பக்கத்தில் முதலாளியிடம் சொல்லி வளையத்தோடு வாங்கிவந்த அந்தப் பெட்டி. குருவி கெட்டிலின் ஒயர் உறையை ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, பச்சை ஒயரை ஒதுக்கி டேப் சுற்றி, சிவப்பும் கறுப்பும் வெளியே தெரியும்படி வைத்திருந்தான். மீட்டர் பெண் ஜன்னலோரம் நின்றாள். "நீ வாயைத் திறக்கக் கூடாது," என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார்.

உலைக்காரர் முதலில் வந்தார்.

"இந்தக் கெட்டில் எவ்வளவு கரண்ட் எடுக்குதுன்னு பார்க்கணும். வளையத்தை மாட்டுங்க."

அவர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறக்கத் தெரியாமல் தடுமாறி, திறந்ததும் சிவப்பு, கறுப்பு, பச்சை எல்லாவற்றையும் ஒரே பிடியாக உள்ளே திணித்து மூடினார். கெட்டில் கொதித்தது. டிஸ்பிளேயில் பூஜ்ஜியம்.

"பெட்டி கெட்டுப்போச்சுங்க," என்றார் அப்பாவியாக. போகச் சொன்னார்கள்.

ஃபோர்மேன் வந்தார். ஒரு பார்வை பார்த்தார். சிவப்பு ஒயரை மட்டும் நகத்தால் தனியே எடுத்து வளையத்துக்குள் விட்டார். ஒன்பது என்று எண் வந்தது.

"ரெண்டையும் விட்டா ஒண்ணும் காட்டாது. இதை வெச்சு என்னை மடக்கலாம்னு பார்க்கறீங்களா?"

"மடக்கலை. உலையை எத்தனை ஆம்பியர்ல ஓடவிடச் சொன்னீங்க?"

"வேலை முடியணும் இல்லையா," என்று முணுமுணுத்தார்.

"காலையில மூணு தடவை சைரன் அடிச்சதை அறிக்கையில ஏன் எழுதலை?"

கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

குருவி உதட்டைப் பிதுக்கினான். "தெரிஞ்சவர் அங்க இல்லை. அங்க இருந்தவருக்குத் தெரியலை. நம்ம தகுதிப் பட்டியல்ல ஆளே தேறலையே, மேடம். வேலைக்கு ஆள் தேவைன்னு போர்டு மாட்டிடலாமா?"

கதவைத் தட்டிக்கொண்டு மாமா எட்டிப் பார்த்தார். கையில் மூன்று டம்ளர் டீ, தட்டில்.

"மத்தியானம் யாரும் எதுவும் சாப்பிடலையேன்னு..." என்று தட்டை வைத்தார். "ஏதாவது தெரிஞ்சுதாங்க? முதலாளி மீட்டிங் ரூமுக்குப் போயிட்டார். நேரம் ஆகுது."

"கெட்டிலை அளந்துட்டு இருக்கோம். வளையம் கழண்டுக்கிட்டே இருக்கு. நீங்க கொஞ்சம் மாட்டி விடுங்களேன்," என்றார் வக்கீலம்மா டம்ளரை எடுத்துக்கொண்டே. "ஃபிட்டர் எப்படி இருக்கார் இப்போ?"

"காலையில போய்ப் பார்த்தேங்க. கண்ணுக்கு ஒண்ணுமில்லைன்னுட்டார் டாக்டர். கை விரல்தான் எப்படி வரும்னு தெரியலை. அவர் மனைவிக்குத்தான் தேறுதல் சொல்ல முடியலை..."

பேசிக்கொண்டே அவர் கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளினார். வளையம் திறந்தது. கறுப்பு ஒயரை ஆள்காட்டி விரலால் ஒதுக்கிப் பிடித்து, சிவப்பை மட்டும் உள்ளே விட்டு, மூடினார்.

ஒன்பது.

மாமா எண்ணைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். அது இன்னும் கறுப்பு ஒயரை ஒதுக்கிப் பிடித்திருந்தது.

"மாமா," என்றாள் அந்தப் பெண். "ஒண்ணை மட்டும்தான் விடணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

அவளே பதிலைக் கண்டுபிடித்தாள். அது முகத்தில் ஏறுவதை வக்கீலம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டுல. முதல் நாள் சோதிச்சப்ப இஸ்திரிப் பெட்டி ஒயரை அப்படியே உள்ளே விட்டுட்டு, ஒண்ணும் வரலையேன்னு ஒரு மணி நேரம் மண்டையை உடைச்சேன். பக்கத்துல நீங்க இருந்தீங்க. நான்தான் சொன்னேன், ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா இது குருடாயிடும் மாமான்னு."

மாமா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"லாரி நின்னுட்டு இருந்துச்சும்மா," என்றார். "காலையில இருந்து மூணு தடவை உலை நின்னு, மூணு தடவையும் சரக்கு வீணாப்போச்சு. கஸ்டமர் மேலேயே உட்கார்ந்திருக்கார். டிரைவர் கத்தறான். முதலாளி போன் மேல போன். ஒரு லோடு, ஒரே ஒரு லோடு முடியற வரைக்கும் சைரன் அடிக்காம இருந்தா போதும்னு நினைச்சேன். லாரி கிளம்பினதும் எடுத்துடலாம்னுதான். கிரீஸ் போடறது மறுநாள்தான். ஃபிட்டர் ஒரு நாள் முன்னாடி வருவார்னு எனக்கெப்படித் தெரியும்?"

"கண்ணாடி எடுக்கப் போனப்ப வளையத்தை மாத்திட்டீங்க," என்றார் வக்கீலம்மா.

"கண்ணாடியும் எடுத்தேங்க. அது நிஜம்." அவர் குரல் உடைந்தது. "தப்பு பெட்டி மேல போகும்னு நினைச்சேன். பெட்டிதானே, போகட்டும்னு இருந்தேன். பெட்டி மேல போனா இவ மேல வரும்னு அந்த நிமிஷம் தோணலை. தோணினப்ப ஃபோர்மேன் எழுதியே முடிச்சுட்டார். அதான் உங்ககிட்ட கூட்டிட்டு வந்தேன். பெட்டி நல்லதுன்னு நீங்க சொல்லிட்டா போதும், யார்ங்கற வரைக்கும் போக மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"ஆறு நாளா என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டீங்க," என்றாள் அவள். "ராத்திரியெல்லாம் சர்க்யூட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எங்க தப்பு பண்ணேன், எந்த ரெசிஸ்டர்ல தப்பு பண்ணேன்னு. நீங்க பால் கலந்து கொடுத்தீங்க."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். குருவி தட்டை எடுத்து ஓரமாக வைத்தான். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை அவனுக்கு.

"மணி மூணே முக்கால்," என்றார் வக்கீலம்மா. அவர் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "அந்த அறைக்குள்ள நான் போய்ச் சொன்னா அது கண்டுபிடிப்பு. நீங்க போய்ச் சொன்னா அது வாக்குமூலம். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். உலையை அளவுக்கு மேல ஓட்டச் சொன்னவரும், சைரன் அடிச்சதை மறைச்சவரும் அந்த அறிக்கையில இருப்பாங்க. அதை நான் பார்த்துக்கறேன்."

மாமா எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். மருமகளைப் பார்க்கத் துணியாமல் கதவு வரை போனார்.

"இருங்க," என்றாள் அவள். "நானும் வரேன்."

*

ஆறு மணிக்கு மருத்துவமனை நடைபாதையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். மாமா எழுதிக் கொடுத்த வாக்குமூலம் வக்கீலம்மாவின் பையில் இருந்தது. மறுநாள் காலை அவரோடு காவல் நிலையத்துக்குப் போவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் இங்கே வரவேண்டும் என்றது அந்தப் பெண்தான்.

ஃபிட்டரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆறு நாளாக மாறாத களைப்பு முகத்தில். மீட்டர் பெண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உன்னை இங்க வராதேன்னு சொன்னேன்."

"சொன்னீங்க அக்கா. ஒரே ஒரு விஷயம், சொல்லிட்டுப் போயிடறேன். இவர் என் மாமா. பெட்டியைக் குருடாக்கினது இவர்தான். எப்படிக் குருடாக்கறதுன்னு என்னை அறியாம அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்."

மாமா கைகூப்பினார். ஃபிட்டரின் மனைவி அவரைப் பார்த்தாள். தினமும் காலையில் பழம் வாங்கிக்கொண்டு வந்த மனிதர். அவள் அடித்துவிடுவாள் என்றுதான் குருவி நினைத்தான். தடுக்கப் பாதி அடி முன்னே வைத்தும் விட்டான்.

அவள் அடிக்கவில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டாள். இரண்டு கேபிள், ஒரு வளையம், வெளியே தெரிந்த பூஜ்ஜியம். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அவர் பார்த்தப்ப பூஜ்ஜியம்தான் இருந்துச்சா? நிஜமாவா?"

"பூஜ்ஜியம்தான். கார்டுல பதிஞ்சிருக்கு," என்றார் வக்கீலம்மா.

"ஃபோர்மேன் என்கிட்ட வேற சொன்னார். 'பெட்டி ஒரு பக்கம் இருக்கட்டும், உன் வீட்டுக்காரர் டிஸ்பிளேயையே பார்த்திருக்க மாட்டார், வயசாச்சு இல்லையா'ன்னு. அதை நான் இவர்கிட்ட கேட்டே கேட்டுட்டேன். மயக்கம் தெளிஞ்ச அன்னிக்கே. பார்த்தீங்களா, பார்க்கலையான்னு." அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அன்னியில இருந்து இவர் என் பக்கம் முகத்தைத் திருப்பறதே இல்லை."

யாரிடமும் விடைபெறாமல் அவள் வார்டுக்குள் நடந்தாள். கதவு திறந்தே இருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று வெளியே நின்றவர்களுக்குக் கேட்கவில்லை.

கட்டுப் போட்ட தலை மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தது.